உயரமான தீவுதான் முதலில் காலியானது

அத்தான் பல வருடம் கப்பலில் இன்ஜினியராக இருந்தவர். தூத்துக்குடிக்காரர். அவர் வேலை பார்த்தவை பெரும்பாலும் ஜெர்மன் கம்பெனிக் கப்பல்கள். அவற்றில் பசிபிக் கடலில் இருக்கும் கிரிபட்டி நாட்டுப் பையன்கள் நிறையப் பேர் மாலுமிகளாக இருப்பார்கள். அந்த நாட்டின் தலைநகரான தாராவாவில் பேசியோ என்ற இடத்தில் மாலுமிப் பயிற்சிப் பள்ளி ஒன்று இருக்கிறது, ஜெர்மன் கம்பெனிகள் அங்கிருந்துதான் ஆள் எடுத்தன. அந்தப் பையன்களைப் பற்றி அத்தான் எப்போது பேசினாலும் பாசமாகத்தான் பேசுவார். நல்ல உழைப்பாளிகள், ஞாயிற்றுக்கிழமை பாடினால் கப்பலே அதிரும், மீன் பிடிப்பதில் எமகாதகர்கள். ஒருநாள் வீட்டில் தொலைக்காட்சியில் கடல்மட்டம் உயர்வது பற்றி ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. அத்தான் சொன்னார்: “மாப்ளே, மொத்தமே ஒரு லட்சத்துச் சில்லறை பேரு. ஆஸ்திரேலியாக்காரன்கிட்ட எவ்வளவு எடம் சும்மா கெடக்கு? ஒரு தீவை வாங்கி எல்லாரையும் கொண்டுபோய் வெச்சாச்சுன்னா சோலி முடிஞ்சுது.”

இதைச் சொன்னவர் கல்நெஞ்சுக்காரர் என்றால் நான் அன்றே மறந்திருப்பேன். அவர் அக்கறையோடு சொன்னார். அதனால்தான் அது எனக்குள் கிடந்து உறுத்திக்கொண்டே இருந்தது. அதே நாட்டு மக்களில் ஒரு பகுதியினருக்கு, ஏறக்குறைய அதே வார்த்தைகளில், இந்த யோசனை ஏற்கெனவே ஒருமுறை செயல்படுத்தப்பட்டிருக்கிறது. தீவு வாங்கப்பட்டது. எல்லாரையும் கொண்டுபோய் வைத்தார்கள். அது நடந்தது 1945-ல். சோலி இன்னும் முடியவில்லை.

கிரிபட்டி என்று எழுதினாலும் அந்த ஊர்க்காரர்கள் கிரிபாஸ் என்றுதான் சொல்வார்கள். மொத்தம் 33 தீவுகள். எல்லா நிலத்தையும் கூட்டினால் 811 சதுர கிலோமீட்டர், அதில் கிட்டத்தட்டப் பாதி கிரிஸ்மஸ் தீவு என்ற ஒரே பவளத்தீவு. ஆனால் அந்த நாட்டுக்கு உரிமையான கடல் சுமார் 35 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியாவின் நிலப்பரப்பைவிட அதிகம். கில்பர்ட், பீனிக்ஸ், லைன் என்று மூன்று கூட்டங்களாகத் தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. நிலநடுக்கோடு குறுக்கே போகிறது, 180 டிகிரி தீர்க்கரேகையும் போகிறது. 1995 வரை நாட்டின் மேற்குப் பாதியில் ஒரு கிழமையும் கிழக்குப் பாதியில் இன்னொரு கிழமையும் நடந்துகொண்டிருந்தன. தலைநகரில் திங்கட்கிழமை அலுவலகம் திறந்தால் கிழக்கே ஞாயிறு. அப்புறம் தேதிக்கோட்டையே கிழக்கே தள்ளிப்போட்டு நாடு முழுவதையும் ஒரே நாளுக்குள் கொண்டுவந்தார்கள்.

ஒன்றைத் தவிர, தீவுகள் எல்லாம் பவளத்திட்டுகள். காயலைச் சுற்றி வளைந்து கிடக்கும் மெல்லிய மணல் கீற்றுகள். ஒரு பக்கம் காயல், மறுபக்கம் ஆழ்கடல், நடுவில் சில நூறு மீட்டர் நிலம். உயரம் இரண்டு மூன்று மீட்டர்தான். ஆறு, ஓடை எதுவும் கிடையாது. மழைநீர் மணலுக்குள் இறங்கி, உப்புநீரின்மேல் ஒரு படலமாக மிதக்கும். கிணறு தோண்டினால் அதுதான் கிடைக்கும். அந்த ஈரத்தைத் தேடிக் குழி வெட்டி, அதில் ஒருவகைப் பெரிய சேப்பங்கிழங்கு வளர்ப்பார்கள். பெரிய அலை ஒன்று ஏறி வந்து குழியில் உப்பு இறங்கிவிட்டால் கிழங்கு போச்சு. மீனும் தேங்காயும் ஈரப்பலாவும் தாழம்பழமும்தான் மற்ற சாப்பாடு. காலையும் மாலையும் தென்னை ஏறிப் பாளை சீவுகிறவர்கள் மரத்தின் உச்சியில் இருந்து பாடுவார்கள். புளிக்காமல் இறக்கிய அந்தச் சாறு நம் பதநீருக்கு ஒன்றுவிட்ட தம்பி. அதைக் காய்ச்சிப் பாகாகவும் வைத்துக்கொள்வார்கள்.

2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை ஒரு லட்சத்து இருபதாயிரத்தை ஒட்டி வந்தது. அதில் பாதிக்கு மேல் தெற்குத் தாராவாவில் நெருக்கிக்கொண்டு வாழ்கிறார்கள். இந்த நாட்டைப் பற்றி வருகிற செய்திகள் எல்லாம் ‘மூழ்கும் நாடு’ என்ற தலைப்போடு வருவதால், அங்கே ஓர் அரசியல் இருக்கிறது என்பதே நமக்குப் படுவதில்லை. ஒவ்வொரு ஊரிலும் சுவர் இல்லாத ஒரு பெரிய கூடம் உண்டு. பெயர் மனியாபா. தாழை ஓலைக் கூரை கீழே வரை இறங்கியிருக்கும், குனிந்துதான் உள்ளே போக வேண்டும். யார் எங்கே உட்கார வேண்டும் என்பது குடும்ப வழியாக வந்த உரிமை. ஊர்ப் பெரியவர்கள் பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வருவார்கள். 1979 ஜூலை 12 அன்று பிரிட்டனிடமிருந்து விடுதலை வாங்கியபோது நாடாளுமன்றத்துக்கும் அந்தக் கூடத்தின் பெயரையே வைத்தார்கள்.

முதல் அதிபர் இயெரெமியா தபாய்க்கு அப்போது வயது 29. அதிபரைத் தேர்ந்தெடுக்கும் முறையும் அவர்களே யோசித்து அமைத்துக்கொண்ட ஒன்று. மக்கள் முதலில் நாடாளுமன்ற உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த உறுப்பினர்கள் தங்களுக்குள் இருந்து மூன்று அல்லது நான்கு பேரை வேட்பாளர்களாக நிறுத்துகிறார்கள். அவர்களில் ஒருவரை நாடு முழுவதும் வாக்களித்து அதிபராக்குகிறது. மூன்று முறைக்கு மேல் ஒருவர் இருக்க முடியாது. நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் அதிபர் தோற்றால் நாடாளுமன்றமும் கலையும். சபாநாயகர், தலைமை நீதிபதி, அரசுப் பணியாளர் ஆணையத் தலைவர் மூவரும் தேர்தல் வரை ஆட்சியைப் பார்த்துக்கொள்வார்கள். கவிழ்க்க நினைக்கிறவனும் தன் இடத்தைப் பணயம் வைத்துத்தான் கவிழ்க்க வேண்டும். ராணுவம் கிடையாது. பணம் ஆஸ்திரேலிய டாலர்.

நாடாளுமன்றத்தில் 45 இடங்கள். 44 பேர் தேர்தலில் வருகிறார்கள். மீதி ஒருவரை நியமிப்பது பிஜி நாட்டில் இருக்கும் ரம்பி என்ற தீவின் தலைவர்கள் மன்றம். வேறொரு நாட்டின் எல்லைக்குள் இருக்கும் ஒரு தீவுக்கு இந்த நாட்டின் சட்டம் இயற்றும் அவையில் ஓர் இடம். முதலில் இதைப் படித்தபோது ஏதோ அச்சுப்பிழை என்றுதான் தோன்றும். அந்த ஓர் இடத்தின் கதையைத்தான் நான் அத்தானுக்குச் சொல்ல நினைத்தேன்.

ஐம்பது பவுன், 999 வருடம்

33 தீவுகளில் பவளத்திட்டு அல்லாதது ஒன்றே ஒன்று. பனாபா. கடலுக்கடியில் இருந்து மேலே தூக்கப்பட்ட பவளப் பாறை. பரப்பு ஆறு சதுர கிலோமீட்டர்தான், ஆனால் உயரம் எண்பது மீட்டருக்கு மேல். கடல் எவ்வளவு ஏறினாலும் கிரிபட்டியில் நிலைத்து நிற்கக்கூடிய ஒரே தீவு அதுதான். இந்த ஒரு விவரம் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. மூழ்காத அந்தத் தீவைத்தான் முதலில் காலி செய்தார்கள், கடலுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை.

அங்கே தண்ணீர் எப்போதும் தட்டுப்பாடுதான். பாறைக்கு அடியில் இருண்ட குகைகள் உண்டு, அதில் நீர் கசிந்து தேங்கும். பெண்கள் மட்டுமே உள்ளே தவழ்ந்து போய்த் தேங்காய்ச் சிரட்டையில் மொண்டு வருவார்கள். எந்தக் குகையில் யார் நீர் எடுக்கலாம் என்பதற்கு முறை இருந்தது. 1870-களில் வந்த நீண்ட வறட்சியில் நிறையப் பேர் செத்தார்கள், நிறையப் பேர் கப்பலேறிப் போனார்கள். மிஞ்சியவர்கள் அங்கேயே இருந்தார்கள்.

1900-ல் ஆல்பர்ட் எல்லிஸ் என்பவர் வந்தார். சிட்னியில் ஒரு கம்பெனி அலுவலகத்தில் கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்த ஒரு கல்லைச் சோதித்துப் பார்த்து, அது உரம் செய்ய உதவும் உயர்தர பாஸ்பேட் என்று கண்டுபிடித்தவர். கல் நவுரு என்ற தீவில் இருந்து வந்தது. நவுருவுக்குக் கிழக்கே 300 கிலோமீட்டரில் பனாபா. அங்கும் அதே கல். எல்லிஸ் ஓர் ஒப்பந்தம் எழுதினார்: தீவின் பாஸ்பேட்டைத் தோண்டும் உரிமை 999 வருடங்களுக்கு, வருடத்துக்கு 50 பிரிட்டிஷ் பவுன். ராஜா என்று அவர் கருதிய ஒருவரிடம் கையெழுத்து வாங்கினார். மற்றவர்களின் நிலத்தை எழுதிக்கொடுக்கும் அதிகாரம் அந்த மனிதருக்கு அங்கே இருக்கவில்லை. நிலம் தனித்தனி ஆட்களுடையது. அடுத்த வருடமே பிரிட்டன் அந்தத் தீவைத் தன் ஆட்சியோடு சேர்த்துக்கொண்டது.

1920-ல் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்று அரசுகளும் சேர்ந்து சுரங்கம் நடத்திய கம்பெனியை வாங்கி, பிரிட்டிஷ் பாஸ்பேட் ஆணையம் என்ற அமைப்பிடம் கொடுத்தன. பங்கு முறையே நூற்றுக்கு 42, 42, 16. ஆணையம் லாபம் பார்க்காமல் அடக்க விலைக்கே உரம் கொடுத்தது. ஆஸ்திரேலிய, நியூசிலாந்து விவசாயிகளுக்கு மலிவு உரம் கிடைத்தது. லாபமே கணக்கில் காட்டாத தொழிலில் நிலத்துக்காரனுக்கு லாபத்தில் பங்கு எங்கிருந்து வரும்? அங்கே கோதுமையும் பால் பண்ணைகளும் செழித்ததன் செலவை ஆறு சதுர கிலோமீட்டர் தீவு ஒன்று கொடுத்தது. 1928-ல் புவாகோனிகாய் ஊர்க்காரர்கள் இனி நிலம் தர மாட்டோம் என்றார்கள். பெண்கள் மரங்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். காலனி ஆணையராக இருந்த ஆர்தர் கிரிம்பிள் அந்த ஊருக்கு எழுதிய கடிதம் மிரட்டல் கடிதம்தான், அதை வேறு பெயரால் அழைக்க எனக்கு மனம் வரவில்லை. நிலம் கட்டாயமாக எடுக்கப்பட்டது.

தோண்டும் முறையையும் சொல்ல வேண்டும். பாஸ்பேட் கூரான சுண்ணாம்புப் பாறைத் தூண்களுக்கு நடுவே மண்ணாக நிறைந்திருக்கும். அதை வழித்து எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது வெறும் தூண்களின் காடு. நடக்க முடியாது, நட முடியாது. 1979-ல் சுரங்கம் மூடப்படுவதற்குள் சுமார் 2 கோடி டன் போனது. தீவின் மேற்பரப்பில் பத்தில் ஒன்பது பங்கு போனது.

வாங்கப்பட்ட தீவு

1942-ல், போருக்கு நடுவே, பிஜியில் இருந்த ரம்பி தீவை லீவர் கம்பெனியிடம் இருந்து 25,000 பவுனுக்கு வாங்கினார்கள். பணம் பனாபர்களுடையது. பாஸ்பேட் வருமானத்தில் அவர்கள் பெயரில் ஒதுக்கி வைத்திருந்த நிதி. அதே வருடம் ஜப்பான் ராணுவம் பனாபாவைப் பிடித்தது. மக்களை நவுரு, தாராவா, கொஸ்ரே என்று பிரித்து ஏற்றி அனுப்பினார்கள். வேலைக்கென்று நிறுத்திவைக்கப்பட்ட தொழிலாளிகள் நூற்றுக்கும் அதிகமானோரை 1945 ஆகஸ்டில், ஜப்பான் சரணடைந்த பிறகு, வரிசையாக நிறுத்திச் சுட்டார்கள். ஒருவர் பிழைத்துக் குகையில் ஒளிந்திருந்தார். நடந்ததை உலகம் அவரிடமிருந்துதான் தெரிந்துகொண்டது.

போர் முடிந்தது. சிதறிக் கிடந்த பனாபர்களைத் தாராவாவில் சேர்த்தார்கள். உங்கள் ஊர் நாசமாகிவிட்டது, அங்கே இப்போது வாழ முடியாது, ரம்பிக்குப் போங்கள் என்றார்கள். ட்ரையோனா என்ற கப்பலில் ஏற்றினார்கள். 1945 டிசம்பர் 15 அன்று 703 பனாபர்களும் அவர்களோடு சேர்ந்த 300 கில்பர்ட் தீவுக்காரர்களும் ரம்பியில் இறங்கினார்கள். அவர்களுக்குத் தரப்பட்டவை கூடாரங்களும் இரண்டு மாதத்துக்கான உணவும்.

நான் அந்த நாளை அடிக்கடி யோசிக்கிறேன். பனாபாவில் இருந்து ரம்பி சுமார் 2,000 கிலோமீட்டர் தெற்கே. வந்தவர்கள் போர்க் கைதிகளைப்போல வருடக்கணக்கில் அலைக்கழிந்தவர்கள். ரம்பி எரிமலைத் தீவு, பனாபாவைப்போலப் பத்து மடங்குக்கு மேல் பெரியது. மலை, காடு, ஓடும் தண்ணீர் எல்லாம் உண்டு. தண்ணீருக்குக் குகைக்குள் தவழ்ந்தவர்களுக்கு ஓடை கிடைத்தது, யார் பார்த்தாலும் நல்ல மாற்றுதான் என்பார்கள். ஆனால் டிசம்பர் அங்கே புயல் மாதம். பனாபாவின் வெயிலுக்குப் பழகிய உடம்புக்குக் கூடாரத்தின் ஈரமும் குளிரும் தாங்கவில்லை. முதல் மாதங்களிலேயே சாவுகள் விழுந்தன. மண்ணில் என்ன விளையும், எந்தத் துறையில் எந்த மீன் எப்போது வரும் என்று சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. அந்தத் தீவின் பழங்குடி பிஜி மக்களை 1870-களிலேயே அப்புறப்படுத்தியிருந்தார்கள். அவர்களின் தலைவர் தீவை வெள்ளைக்காரர்களுக்கு விற்றுவிட்டார். அவர்களின் சந்ததியினர் பக்கத்தில் தவேயுனி தீவில் இருக்கிறார்கள். காலி இடம் என்று வாங்கப்பட்ட இடம் இன்னொருவர் விட்டுப்போன வீடு.

வந்தவர்கள் ரம்பியில் நான்கு ஊர்கள் அமைத்தார்கள். தபியாங், உமா, தப்வேவா, புவாகோனிகாய். பனாபாவில் இருந்த அதே நான்கு பெயர்கள். பனாபாவில் எந்த ஊர்க்காரனோ ரம்பியிலும் அந்த ஊர்க்காரன். 1947-ல் வாக்கெடுப்பு வைத்தபோது பெரும்பாலானோர் ரம்பியிலேயே இருப்பதாகச் சொன்னார்கள். பனாபா நிலத்தின்மேல் தங்களுக்கு இருக்கும் உரிமை போகாது என்ற உறுதியை வாங்கிக்கொண்டுதான் சொன்னார்கள். இதற்குள் பனாபாவில் சுரங்கம் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது. வாழ முடியாது என்று சொல்லப்பட்ட தீவில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களும் அதிகாரிகளும் வாழ்ந்தார்கள்.

பக்கத்துத் தீவான கியோவாவை இங்கே சொல்லாமல் விட முடியாது. அதே ஆண்டுகளில் துவாலுவின் வைதுப்பு தீவுக்காரர்கள், போர்க்காலத்தில் அமெரிக்கர்களிடம் வேலை செய்து சேர்த்த பணத்தில், தாங்களே முடிவு செய்து கியோவாவை வாங்கினார்கள். வர விரும்பியவர்கள் சிறு கூட்டமாக வந்தார்கள். சொந்தத் தீவு அப்படியே பின்னால் இருந்தது. கியோவாவுக்கும் ரம்பிக்கும் நடுவில் சில கிலோமீட்டர் கடல்தான். இரண்டு தீவுகளும் விலைக்கு வாங்கப்பட்டவைதான். இருந்தாலும் கியோவாவின் கதையில் இந்தக் கசப்பு இல்லை.

நவுருவுக்குத் திறந்த கதவு

அத்தானுடன் நான் நடத்திய வாக்குவாதத்தின் அச்சாணி இந்தப் பகுதிதான். பனாபர்கள் சும்மா இருக்கவில்லை. ரோத்தன் தித்தோ என்ற பெரியவர் தலைமையில் லண்டன் நீதிமன்றத்தில் பிரிட்டிஷ் அரசின்மேல் வழக்குப் போட்டார்கள். உரிமைத்தொகை குறைவாகக் கொடுக்கப்பட்டது, அரசு அறங்காவலராக நடக்கவில்லை, தோண்டிய நிலத்தில் மரம் நட்டுத் தருவதாகச் சொன்ன வாக்கு காப்பாற்றப்படவில்லை. நீதிபதி மெகாரி ரம்பிக்கும் பனாபாவுக்கும் நேரிலேயே போய்ப் பார்த்தார். பிரிட்டிஷ் நீதிமன்ற வரலாற்றில் மிக நீளமாக நடந்த வழக்குகளில் அதுவும் ஒன்று. 1976 நவம்பரில் தீர்ப்பு வந்தது. அரசுக்குக் கடமை இருந்தது உண்மை, ஆனால் அது ஆட்சி சார்ந்த கடமை, நீதிமன்றம் அமல்படுத்தக்கூடிய அறங்காவல் அல்ல என்றார். மரம் நடாததற்கு மிகச் சொற்பமான தொகை. பிறகு மூன்று அரசுகளும், பொறுப்பு எதையும் ஒப்புக்கொள்ளாமல், நல்லெண்ணத் தொகையாக ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் தர முன்வந்தன.

இப்போது நவுருவைப் பாருங்கள். அதே கல், அதே ஆணையம், அதே மூன்று அரசுகள். நவுரு 1968-ல் தனி நாடானது. 1989-ல் சர்வதேச நீதிமன்றத்தில் ஆஸ்திரேலியாவின்மேல் வழக்குத் தொடுத்தது. வழக்கை விசாரிக்கலாம் என்று 1992-ல் நீதிமன்றம் சொன்னதும் ஆஸ்திரேலியா பேச்சுக்கு வந்தது. 1993-ல் 10 கோடியே 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்குச் சமரசம். பிரிட்டனும் நியூசிலாந்தும் தங்கள் பங்கைக் கொடுத்தன. நவுரு அந்தப் பணத்தை எப்படி ஆண்டது என்பது வேறு கதை. நான் பார்ப்பது கதவை மட்டும். ஒரு நாடாக இருந்ததால் நவுருவால் அந்த நீதிமன்றத்தின் படியேற முடிந்தது. பிஜியில் குடிவைக்கப்பட்ட, பின்னாளில் கிரிபட்டி ஆன கில்பர்ட் காலனியில் நிலம் வைத்திருந்த பனாபர்களுக்கு அந்தக் கதவு கிடையாது. பிரிட்டனின் அநியாயத்துக்குப் பிரிட்டனின் நீதிமன்றத்திடமே போய்க் கேட்க வேண்டியிருந்தது.

அவர்கள் தனி நாடு கேட்காமலும் இல்லை. கில்பர்ட் விடுதலைக்கு முந்தைய பேச்சுகளில், பனாபாவைப் பிரித்து பிஜியோடு உறவு வைத்துக்கொள்ள விடுங்கள் என்று கேட்டார்கள். அதே காலனியில் இருந்த எல்லிஸ் தீவுக்காரர்கள் 1974-ல் வாக்கெடுப்பு நடத்தி, பிரிந்து, 1978-ல் துவாலு ஆனார்கள். பனாபாவுக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. கில்பர்ட் தலைவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. மொழி ஒன்று, உறவு ஒன்று, சுரங்கத்தில் அவர்கள் பிள்ளைகளும் உழைத்திருக்கிறார்கள். பாஸ்பேட் வரியை வைத்துத்தான் காலனி நடந்தது. அந்தப் பணத்தில் 1956-ல் ஒரு சேமிப்பு நிதி தொடங்கப்பட்டது, இன்று வரை கிரிபட்டி அரசின் முதுகெலும்பு அதுதான். இருந்தாலும் எல்லிஸ் தீவுக்காரர்களுக்குக் கொடுத்த கேள்வித்தாளைப் பனாபாவுக்குக் கொடுக்காதது அநீதி என்றே நான் நினைக்கிறேன்.

அதற்கு ஈடாக அரசியல் சட்டத்தில் ஓர் அத்தியாயம் எழுதினார்கள். பனாபர்கள் எந்த நாட்டுக் குடிமக்களாக இருந்தாலும் பனாபாவுக்கு வரவும் வாழவும் உரிமை உண்டு. அவர்களின் நிலம் அவர்களுடையதே. நாடாளுமன்றத்தில் ரம்பியின் ஆள் ஒருவர் உட்காருவார். இந்த விதிகளை எளிதில் திருத்திவிட முடியாது. நான் முதலில் இதை ஆறுதல் பரிசாகத்தான் பார்த்தேன். 45-ல் ஒன்று என்ன செய்துவிடும்? ஆனால் யோசிக்க யோசிக்க, இடம்பெயர்ந்த மக்களுக்கு உலகத்தில் இதற்கு இணையாக எழுதப்பட்டது எவ்வளவு குறைவு என்பது புரிந்தது. போன இடத்தில் குடிமகன், விட்டு வந்த இடத்திலும் பேச உரிமை உள்ளவன். எல்லை தாண்டிய பிறகும் சொந்த மண்ணின்மேல் சட்டப்படி ஒரு பிடி. சில வருடங்களுக்கு முன் ஓர் ஆஸ்திரேலியச் சுரங்க நிறுவனம் பனாபாவில் மிச்சமிருக்கும் பாஸ்பேட்டைத் தோண்டலாமா என்று திட்டம் போட்டபோது ரம்பியில் எதிர்ப்புக் கிளம்பியது. 2,000 கிலோமீட்டர் தள்ளி, பெரும்பாலும் பனாபாவைப் பார்த்தே இராத தலைமுறை எதிர்த்தது.

இனி நிலம் வாங்குகிறவர்களுக்கு

அத்தானின் யோசனையை அதிபரே செயல்படுத்திப் பார்த்ததுண்டு. 2014-ல் அனோத்தே தோங் ஆட்சியில் கிரிபட்டி அரசு பிஜியின் வனுவா லேவு தீவில் சுமார் 20 சதுர கிலோமீட்டர் நிலத்தை ஆங்கிலிக்கன் திருச்சபையிடம் இருந்து வாங்கியது. ரம்பியில் இருந்து ரொம்பத் தூரம் இல்லை. அந்த நிலத்தில் ஏற்கெனவே ஓர் ஊர் இருந்தது. பெயர் நவியாவியா. முன்பு தோட்ட வேலைக்குக் கொண்டுவரப்பட்ட சாலமன் தீவுத் தொழிலாளிகளின் வம்சத்தினர் அங்கே தலைமுறைகளாக வாழ்ந்துகொண்டிருந்தார்கள். மறுபடியும் அதே கதை. பத்திரத்தில் காலி நிலம், போய்ப் பார்த்தால் அடுப்பு எரிகிறது. அடுத்து வந்த தனேதி மாமாவ் ஆட்சி போவதைவிட இருப்பதைப் பற்றியே அதிகம் பேசுகிறது.

கில்பர்ட்காரர்கள் இதற்கு முன்னும் நகர்த்தப்பட்டிருக்கிறார்கள். 1930-களின் கடைசியில் நிலம் போதாதவர்களைப் பீனிக்ஸ் தீவுகளில் குடியேற்றினார்கள். அங்கே தண்ணீர் வற்றியது. 1950-களிலும் 60-களிலும் அவர்களைத் தூக்கிச் சாலமன் தீவுகளில் கீசோவிலும் வாகினாவிலும் வைத்தார்கள். 2007 ஏப்ரலில் கீசோவைச் சுனாமி தாக்கியபோது செத்தவர்களில் கில்பர்ட் வம்சாவளியினர் அவர்களின் எண்ணிக்கைக்குப் பொருந்தாத அளவு அதிகம். நிலம் அதிர்ந்து கடல் பின்வாங்கினால் மலைக்கு ஓட வேண்டும் என்பது அங்கே பிறந்து வளர்ந்த இனங்களுக்குப் பாட்டி சொல்லித் தெரியும். பவளத்தீவில் இருந்து வந்தவர்களுக்கு அந்தப் பாட்டி இல்லை. மலை ஏது, ஓடுவதற்கு? 2004-ல் நம் கரையில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இதைச் சொன்னபோது அத்தான் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: “சரி மாப்ளே, போகவும் கூடாது, இருக்கவும் முடியாதுன்னா அவங்க என்னதான் செய்ய?”

போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. போகிறவர்கள் போகட்டும். ஏற்கெனவே போகிறார்கள், நியூசிலாந்து ஒவ்வொரு வருடமும் குலுக்கலில் கொஞ்சம் பேருக்கு இடம் கொடுக்கிறது. நான் கேட்பது, போகும்போது நாட்டையும் எடுத்துக்கொண்டு போக முடிகிறதா என்பதுதான். கிரிபட்டியின் சொத்து 35 லட்சம் சதுர கிலோமீட்டர் கடல். அரசின் வருமானத்தில் பெரும்பகுதி அங்கே சூரை மீன் பிடிக்க வெளிநாட்டுக் கப்பல்கள் கட்டும் உரிமக் கட்டணம். மக்கள் பிஜியிலோ ஆஸ்திரேலியாவிலோ ஒரு சிறுபான்மைச் சமூகமாகிவிட்டால் அந்தக் கடல் யாருடையது? பசிபிக் நாடுகள் இதைப் புரிந்துகொண்டுதான் 2021-ல் கூட்டாக அறிவித்தன: கடல்மட்டம் ஏறினாலும் எங்கள் கடல் எல்லைகள் மாறாது. 2025 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் தன் ஆலோசனைக் கருத்தில், ஒரு நாடு உருவானபின் அதன் அடிப்படைக் கூறுகளில் ஒன்று மறைந்தாலும் அதனால் நாடு என்ற நிலை போய்விட வேண்டியதில்லை என்றது. அந்தக் கேள்வியை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக முன்னின்றது வனுவாத்து, இன்னொரு சின்னத் தீவு நாடு. பனாபர்களுக்குத் திறக்காத அதே கதவின் வழியாகப் போனது.

அந்த வகையில் கிரிபட்டி நல்ல நிலையில் இருக்கிறது, 1999 முதல் ஐ.நா. உறுப்பினர். ஆனால் அந்த நாட்டிடமும் எனக்கு ஒரு கேள்வி உண்டு. பனாபாவில் இன்றும் சுமார் 300 பேர் வாழ்கிறார்கள், பெரும்பாலும் ரம்பியில் இருந்து திரும்பி வந்து நிலத்தைக் காத்துக்கொண்டிருக்கும் குடும்பங்கள். 2020-ன் கடைசியில் கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம் பழுதாகி அவர்கள் குடிக்கத் தண்ணீரில்லாமல் தவித்தார்கள். பழைய குகைகளில் பல சுரங்கத்தோடு போய்விட்டன. அதே நேரத்தில், பாஸ்பேட் வரியில் தொடங்கிய அந்தச் சேமிப்பு நிதி நூறு கோடி ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டி நிற்கிறது. பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் கொடுக்க வேண்டியதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. அவர்கள் கொடுக்கும் வரை காத்திருக்காமல் பனாபாவின் தண்ணீருக்கு அந்த நிதியில் இருந்து நிலையான ஏற்பாடு ஒன்று செய்ய தாராவாவால் முடியும். ரம்பியின் உறுப்பினர் நாடாளுமன்றத்தில் எழுந்து முதலில் கேட்க வேண்டியது அதைத்தான், மற்ற 44 பேரும் அவரோடு சேர்ந்து கேட்க வேண்டும்.